கூரைக்குச் சொந்தக்காரி

786

உட்துறைமுக ஒழுங்கை,
திருகோணமலை.
05.11.1973

அன்பு மிகுந்த காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கை பல்கீஸ் எழுதுகிறேன். பெருநாளைக்கு நீங்கள் அனுப்பிய துணி வந்து சேர்ந்தது. நிஸாவுக்கு அதில் சட்டை தைத்துப் போட்டேன். கழற்ற மாட்டேன் என்று அதோடேயே தூங்கினாள். மைனியும் பிள்ளைகளும் சுகந்தானே? கொழும்பில் ஒரு இறாத்தல் பாணுக்குப் பேக்கரி வாசலில் விடியவே வரிசையில் நிற்க வேண்டுமாமே, மெய்யா?

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மாரி தொடங்கிவிட்டது. இந்த வீட்டுக்குள் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் குசினிச் சுவரும் விழுந்துவிட்டது. இடியில்லை, காற்றில்லை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மெத்தென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் சுவர் இருந்த இடத்தில் துறைமுகம் தெரிகிறது! நடுத் தண்ணீரில் பெரிய கப்பல் ஒன்று வெள்ளை வெளேரென்று நிற்கிறது. அல்லாஹ்வே, நான் பயப்படக்கூட மறந்துபோனேன். இத்தனை அழகை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஐந்து வருஷம் புகைக்குள் கிடந்து சமைத்திருக்கிறேனே!

நிஸாவுக்கு இருமல் விடுவதாயில்லை. இந்த ஈரத்தில் பிள்ளையை வைத்திருக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குறிஞ்சாக்கேணியில் என் கணவருடைய மாமி உம்மு குல்சும் தன் வீட்டில் ஒரு பக்கத்தைத் தருகிறேன் என்கிறார். அங்கே போக முடிவெடுத்து, வீட்டுக்கார அபூதாஹிர் ஹாஜியாரிடம் போய்ச் சொன்னோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சுவர எழுப்பி, கூரையில அடிச்சி வெச்சிருக்கிற தகரமெல்லாம் கழட்டி, புது ஓடு போட்டுத் தந்துட்டுப் போங்க. இல்லாட்டி வீட்ட உடச்சிப் போட்டுப் போறாங்க எண்டு பொலிசில எழுதுவன்."

காக்கா, உங்கள் மச்சானுக்குச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கியடியில் வேலை. பாஸ் இல்லாமல் உள்ளே கால் வைக்க ஏலாது. ஜனவரி முடிவில் புதிய பாஸ் கொடுப்பார்கள். பொலிசில் பெயர் இருந்தால் பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் வேலையும் இல்லை. இவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி இருக்கிறார்.

நீங்கள் வழக்குப் பேசும் பிரக்கிராசியிடம் கிளாக்கராக இருக்கிறவர். சொல்லுங்கள். கடன்பட்டாவது சுவரை எழுப்பிக் கொடுப்பதா? இல்லை, ஒருவருக்கும் சொல்லாமல் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடுவதா?

வஸ்ஸலாம்.
பல்கீஸ்


கொழும்பு 12
12.11.1973

தங்கச்சி பல்கீஸுக்கு அன்ஸார் காக்கா எழுதுவது. வ அலைக்கும் முஸ்ஸலாம். பாண் வரிசை மெய்தான். உன் மைனி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் நிற்கிறோம். நிஸாவுக்குத் தேனில் கருஞ்சீரகம் கலந்து கொடு, ஆஸ்பத்திரி மருந்தையும் விட்டுவிடாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய இரண்டையும் செய்யாதே. சொல்லாமல் போனால் உடைத்துவிட்டு ஓடினார்கள் என்பார்; அது அவருக்கு வாய்ப்பாகிவிடும். சுவரை எழுப்பிக் கொடுத்தால் நாங்கள்தான் உடைத்தோம் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக முடியும்.

போன வருஷம் புதிய வாடகைச் சட்டம் வந்திருக்கிறது. கவனமாக வாசி. கூரையும் சுவரும் ஒழுகாமல், விழாமல் வைத்திருப்பது வீட்டுச் சொந்தக்காரனின் பொறுப்பு. குடியிருந்தவர் கைப்பிழையாலோ வேண்டுமென்றோ கெடுத்ததற்கு மட்டுந்தான் குடியிருந்தவர் பதில் சொல்ல வேண்டும். மழையிலும் கறையானிலும் வயதிலும் கெட்டது உன் கணக்கில் வராது. வீட்டைவிட்டுப் போவதென்றால் முன்கூட்டி எழுத்தில் அறிவித்து, வீட்டின் நிலையை மூன்றாவது ஆள் ஒருவருக்குக் காட்டி, கூட்டிப் பெருக்கி, கதவைப் பூட்டி, சாட்சிக்கு முன்னால் திறப்பைச் சொந்தக்காரன் கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இத்துடன் இரண்டு கடிதம் எழுதி அனுப்புகிறேன். ஒன்று அபூதாஹிர் ஹாஜியாருக்கு, பதிவுத் தபாலில் போக வேண்டும். மற்றது வீட்டு வழக்குகளை விசாரிக்கும் வாடகைச் சபைக்கு. மச்சான் அஸீமைக் கையெழுத்து வைக்கச் சொல். அவருக்கு என் ஸலாம்.

அன்ஸார்


திருகோணமலை
23.11.1973

காக்காவுக்கு ஸலாம். நீங்கள், மைனி, பிள்ளைகள் எல்லாரும் நல்ல சுகத்தோடு இருக்க துஆ. நிஸாவுக்கு இருமல் ஒரு பிடி குறைந்திருக்கிறது.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு இவருக்குச் சத்தமாக வாசித்தேன். கூரை சொந்தக்காரருடைய பொறுப்பு என்ற இடம் வந்ததும் இவர், "திருப்பி வாசி," என்றார். ஐந்து வருஷம் ஒவ்வொரு ஐப்பசிக்கும் ஏறி, தகரம் தட்டி, தார் பூசிய மனிதர்! இந்த நாட்டில் எங்கேயோ பெரிய கட்டடத்தில் இருந்துகொண்டு, பல்கீஸ் என்ற ஒருத்தியின் தலையில் ஒழுகும் தண்ணீரை நினைத்து யாரோ சட்டம் எழுதியிருக்கிறார்களே, அதை நினைக்க எனக்கு மேல் சிலிர்த்தது. நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

சபைக்கான கடிதத்தை இவர் நேரில் கொடுத்துவிட்டு வந்தார். ஹாஜியாருக்கான கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டோம். நாலாம் நாள் தபால்காரர் அதை நம்மிடமே கொண்டுவந்தார். ஹாஜியார் கையில் வாங்கிப் பார்த்து, "இது எனக்கு வேணாம்," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எடுக்க மறுத்தார் என்று உறைமேல் சிவப்பு மையால் எழுதியிருக்கிறது. காக்கா, எல்லாம் பாழ்தானே? உறையைப் பிரித்துக் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்துப் பார்க்கட்டுமா?

வஸ்ஸலாம்.
பல்கீஸ்


கொழும்பு
28.11.1973

தங்கச்சிக்கு,

சுகம். அவசரமாக எழுதுகிறேன், பிரக்கிராசி ஐயா கூப்பிடுகிறார். அந்த உறையைத் திறந்துவிடாதே! ஒட்டியது ஒட்டியபடி, சிவப்பு மை எழுத்தோடு அலுமாரிக்குள் வை. ஒழுகாத தட்டில் வை. நீங்கள் அறிவித்ததற்கும் அவர் கேட்க மறுத்ததற்கும் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பேசாமலிருக்கிற உறை சபையில் பேசும்.

அன்ஸார்


திருகோணமலை
13.12.1973

பிரியமுள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உறையைக் குர்ஆன் வைக்கும் தட்டுக்குக் கீழே வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் நனையாத இடம் அது ஒன்றுதான்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். போன கிழமை சபையிலிருந்து சோமசேகரம் என்று ஒரு பரிசோதகர் வந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். நல்ல மழை. நடு அறையில் கதிரை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்தவர் எழும்பினார், கதிரையை நகர்த்தி உட்கார்ந்தார், திரும்பவும் எழும்பினார். பிறகு வெளியே போய்த் தன் குடையை எடுத்துவந்து, வீட்டுக்குள்ளே விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் எழுதினார். கூரைக் கைமரத்தைப் பென்சிலால் குத்திப் பார்த்தார். பென்சில் உள்ளே போய்விட்டது. "இது நீங்க வர முன்னமே உளுத்துப்போன மரம், பிள்ளை. இந்தத் தகரமும் இல்லையெண்டா எப்பவோ விழுந்திருக்கும்," என்றார். அரசாங்கத்து ஆள் ஒருவர் நம்முடைய தகரத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார் என்று இவர் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்.

இனிக் கெட்டது. நேற்று சபை கூடியது. உறையைக் காட்டினோம். பரிசோதகர் எழுதியதை வாசித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருநாள்தான். அப்போது ஹாஜியார் எழும்பினார். கோபமில்லை, சத்தமில்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"அந்த வீடு எனக்குச் சொந்தமில்ல, தலைவர் ஐயா. ஆறு வருஷத்துக்கு முந்தி என்ட மகள் ஜெஸீமாட கலியாணத்துக்குச் சீதனமா எழுதியாச்சி. அவ மூதூரில இருக்கா. என்னைக் கூப்பிட்டு விசாரிக்க என்ன இருக்கு?"

தலைவர் உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சொந்தக்காரருக்கு அறிவிக்காமல் விசாரிக்க ஏலாது என்று ஜனவரி 22ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார். வெளியே வந்ததும் ஹாஜியார் இவரிடம், "மகள் எழுதுற மாதிரி பொலிசில முறைப்பாடு எழுதத் தெரியாதா எனக்கு?" என்றார்.

காக்கா, இது நமக்குத் தெரியாத சங்கதியா? நம் பக்கத்தில் வீடென்றால் பெண்பிள்ளைக்குத்தான். வாப்பா கட்டி எழுதிக் கொடுப்பார். வாப்பா இல்லாவிட்டால் காக்காமார் கட்டிக் கொடுப்பார்கள். கலியாணமான மகள் இருக்கிற மனிதருக்கு ஊரில் சொந்த வீடு எப்படி இருக்கும்? வாடகையை அவர் வாங்கினார், ஊரெல்லாம் ஹாஜியார் வீடு என்றது, நானும் அப்படியே எழுதினேன். நீங்களும் அப்படியே எழுதினீர்கள். கிண்ணியாவில் பிறந்த இரண்டு பேர் சேர்ந்து இதை மறந்தோமே.

பாஸ் கொடுப்பது ஜனவரி முப்பத்தோராம் தேதி. சீக்கிரம் பதில் போடுங்கள்.

பல்கீஸ்


கொழும்பு
05.01.1974

தங்கச்சிக்கு ஸலாம்.

ஹஜ்ஜுப் பெருநாள் நல்லபடி கழிந்திருக்கும். பதில் பிந்திவிட்டது. வேலை அதிகம்.

பிழை என்னுடையது. கொழும்பில் பதினொரு வருஷம் இருந்ததில், வீடு ஆணின் பெயரில் இருக்கும் என்று கை தானாக எழுதுகிறது. அதை விடு. உறுதியைக் காட்டித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார் ஹாஜியார். ஆனால் அதே உறுதியால் தன் வாயையும் கட்டிக்கொண்டார். வீடு அவருடையதில்லை என்றால் வீட்டை உடைத்தார்கள் என்று முறையிட அவருக்கு என்ன உரிமை? மகள் சொன்னால்தான் முறைப்பாடு. மகள் சபைக்கு வந்து பழுது பழையது என்று சொன்னால் உங்களை ஒருவரும் தொட ஏலாது. வராவிட்டால், அவள் பெயரில் ஹாஜியார் என்ன எழுதினாலும் அது நிற்கும்.

வாப்பாவுக்கு எதிராக ஒரு பெண் மூதூரிலிருந்து கடல் தாண்டி வந்து சொல்வாள் என்று நான் நம்பவில்லை. இருந்தாலும் அவளுக்கு எழுது. நான் எழுதித் தரவில்லை. என் எழுத்து ஒருமுறை பிழைத்தது போதும். உன் மனதில் உள்ளதை எழுது.

அன்ஸார்


திருகோணமலை
09.01.1974

சகோதரி ஜெஸீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் ஐந்து வருஷமாகக் குடியிருக்கிறேன். உங்கள் சுகத்தையும் பிள்ளைகளின் சுகத்தையும் முதலில் கேட்டுக்கொள்கிறேன். கொழும்பில் எனக்கு ஒரு காக்கா இருக்கிறார், சட்டம் தெரிந்தவர். எப்போதும் அவர் எழுதித் தருவார். இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன்.

வீட்டின் நடு வளை மரத்தைக் கறையான் தின்றுவிட்டது. ஓட்டில் பாதி இல்லை. ஈரத்தில் என் பிள்ளைக்கு இருமல் விடுவதில்லை. குசினிச் சுவர் கார்த்திகைக்கு முன்பே விழுந்துவிட்டது. நாங்கள் உடைக்கவில்லை. உடைத்தோம் என்று உங்கள் பெயரில் பொலிசுக்கு எழுதப் போகிறார்கள். எழுதினால் என் கணவருக்குச் சீனன்குடாவில் உள்ள வேலை போய்விடும். எங்களுக்கு உங்களிடம் வேறொன்றும் வேண்டாம். இருபத்திரண்டாம் தேதி காலை பத்து மணிக்குச் சபை. அதற்கு முன்னால் ஒருமுறை வந்து உங்கள் வீட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். பார்த்த பிறகு எது மெய்யோ அதைச் சொல்லுங்கள்.

உங்கள் வாப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன்.

பல்கீஸ்


மூதூர்
17.01.1974

வ அலைக்கும் முஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். வீட்டை நன்றாக வைத்திருப்பதாகத்தான் வாப்பா எப்போதும் சொல்வார். நான் கேட்டதுமில்லை.

இங்கே கடல் பொல்லாத அடி. நாலு நாளாக லாஞ்சி ஓடவில்லை. வருவேன் என்று எழுத எனக்குத் துணிவில்லை. வரமாட்டேன் என்று எழுதவும் முடியவில்லை. உங்கள் பிள்ளையின் பெயர் என்ன?

ஜெஸீமா


குறிஞ்சாக்கேணி
03.02.1974

அன்புக்குரிய காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மைனி சுகந்தானே? இங்கே நிஸா சுகம், நான் சுகம், இவர் சுகம். பாஸ் கிடைத்துவிட்டது! முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி நீங்கள் ஆறுதலாக வாசிக்கலாம்.

இருபத்திரண்டாம் தேதி விடிந்ததிலிருந்து மழை. இவர் இரண்டு தரம் துறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "லாஞ்சி இல்ல, கொட்டியாரக் குடா முழுக்க வெள்ளை நுரைதான் தெரியுது," என்றார். நான் கடிதங்களை எடுத்துப் பையில் வைத்தேன். எட்டரை மணியிருக்கும். வாசலில் ஒரு பெண். இடுப்புவரை நனைந்த சாரி, முகம் வெளிறிப்போய், நிற்கவே ஏலாமல் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் அவருடைய கணவர். லாஞ்சி ஓடாதென்று மீன்காரருடைய வள்ளத்தில் வந்தார்களாம். வழியெல்லாம் அலையில் குமட்டிச் சத்தி எடுத்தாராம். காக்கா, நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். ஒரு கடிதத்துக்காக அந்தக் கடலைத் தாண்டி ஒருவர் வருவாரா?

தேத்தண்ணீர் வேண்டாம் என்றார். ஒவ்வொரு அறையாக நடந்தார். நடு அறைச் சுவரில் கையை வைத்தார். சாந்து பொலபொலவென்று கையோடு வந்தது. அதைக் கீழே போடாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். குசினிக்குப் போய், சுவரில்லாத பக்கமாகத் துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"இந்தத் தகரமெல்லாம் ஆரு அடிச்ச?"

"இவர்தான், வருஷா வருஷம்," என்றேன்.

"இவர் அடிக்காட்டி இண்டைக்கு எனக்கெண்டு வீடே இருந்திருக்காது," என்றார். அவ்வளவுதான். அழவில்லை.

சபையில் ஹாஜியார் முன் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தார். மகளைக் கண்டதும் எழும்பிவிட்டார். தலைவர் கேட்டார், வீடு யாருடையது, பழுது யார் செய்தது என்று. ஜெஸீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாப்பாவைப் பார்க்காமல் பேசினார். ஒரு சொல்லும் விழுங்கவில்லை.

"வாப்பாக்கு முன்னால நான் இதுவரைக்கும் வாய் திறந்ததில்ல. வீடு என்ட. பழுதும் என்ட. எனக்கெண்டு எழுதித் தந்த வீட்ட ஆறு வருஷமா வந்து பார்க்காதது நான். இவங்க உடைக்கல்ல, ஐயா. விழாம புடிச்சி வெச்சிருந்தவங்க இவங்கதான்."

எழுதிக்கொண்டிருந்த சோமசேகரம் ஐயா பேனையை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஹாஜியார் இப்போது கத்தப்போகிறார் என்று நான் நிஸாவை இறுக்கிப் பிடித்தேன். அவர் மகளிடம் போனார். தன் சால்வையை எடுத்து மகளுடைய தோளில் போட்டார். "நனஞ்சிருக்காய், புள்ள," என்றார். பிறகு ஒருவரையும் பார்க்காமல் வெளியே போனார். அவர்மேல் எனக்கிருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஐந்து வருஷம் என்னை மழையில் வைத்தவருக்காக நான் அழுதுகொண்டு நின்றேன், பைத்தியக்காரி மாதிரி.

குடியிருந்தவர்கள் ஒரு சேதமும் செய்யவில்லை என்று சபை எழுதிவிட்டது. ஜெஸீமாவும் கையெழுத்து வைத்தார். நேற்றுத்தான் சாமான் ஏற்றினோம். நீங்கள் சொன்னபடி கூட்டிப் பெருக்கி, சோமசேகரம் ஐயாவுக்கு முன்னால் திறப்பைக் கொடுத்தேன். ஹாஜியார் கையில் அல்ல, ஜெஸீமாவின் கையில். கடல் அடங்கியதும் அதற்கென்றே திரும்பவும் வந்திருந்தார். மாசியில் கூரை பிரித்து வேலை தொடங்கப்போகிறாராம், தானே வந்து நிற்கப்போகிறாராம்.

லொறி வாசலில் நின்றது. அப்போது ஜெஸீமா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வஞ்சகமும் இல்லாமல் கேட்டார்.

"கொழும்பில காக்கா ஒராள் இருக்கார் எண்டு எழுதியிருந்தீங்க. அவர் உங்களுக்குக் கட்டித் தந்த வீடு எங்க? ஏன் நீங்க வாடகைக்கும் மாமிட வீட்டுக்கும் அலையிறீங்க?"

காக்கா, நான் பெட்டியைக் கட்டுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். நம் வாப்பா கண்மூடி மௌத்தாகி ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷத்தில் நானும் உங்களிடம் இதைக் கேட்டதில்லை. ஜெஸீமா பதிலுக்காக லொறி வரைக்கும் கூடவே வந்தார். அவருடைய விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். நீங்களே அவருக்குப் பதில் எழுதிவிடுங்கள்.

மைனிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம்.

என்றும் உங்கள் தங்கை,
பல்கீஸ்

ஜனாபா ஜெஸீமா,
பெரிய பள்ளிவாசலடி,
மூதூர்.